என் கதவும் கம்பெனிக் கம்ப்யூட்டரும்

எனக்கு எண்பத்தொன்பது வயது ஆகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு நான் பெற்றவை. ஐந்தாவதை என் நாத்தனார் கைக்குழந்தையாக விட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். அதுவும் என் பிள்ளைதான். ஐந்து பேரும் இன்று நன்றாக இருக்கிறார்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்படுவதில் எனக்கு வெட்கம் கிடையாது.

நான் சொல்லப் போவது எண்பதுகளின் நடுவில் நடந்தது. நகரத்துக்குள் எம்ஆர்டி சுரங்க ரயிலுக்காகத் தோண்டிப் போட்டிருந்த சமயம். அப்போது நான் ஃபேரர் பார்க் பக்கம் ஓர் அடுக்குமாடியில், ஐந்தாவது மாடியில், மூவறை வீட்டில் தனியாக இருந்தேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு வீடு என் பெயருக்கு வந்தது. பிள்ளைகள் கல்யாணம் ஆகியும் வேலை கிடைத்தும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். நான் சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் காலைச் சமையல் செய்துகொண்டிருந்தேன். விடியும் முன்னே போய் மத்தியானம் திரும்பிவிடுவேன். யாரிடமும் கை நீட்டாத பிழைப்பு.

மூத்தவன் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, வீடுகளுக்குத் திருட்டு அலாரம் மாட்டுகிற கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தான். சட்டைப் பையில் கம்பெனி பெயர் தைத்திருக்கும். வேனில் போய்ப் பெரிய பெரிய பங்களாக்களில் அலாரப் பெட்டி மாட்டுவான். கிளமெண்டியில் மனைவி, கைக்குழந்தையோடு குடியிருந்தான். நல்ல பிள்ளை. ஒன்று பிடித்தால் விடமாட்டான். அது யாரிடமிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

ஒரு நாள் எங்கள் புளோக்கில், எனக்கு மேல்மாடி வீட்டில், பட்டப்பகலில் திருடன் புகுந்துவிட்டான். அந்த வீட்டு அம்மா மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் அலமாரியைக் கலைத்து நகையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். செய்தி கேட்டதும் மூத்தவன் வேலைச் சட்டையோடு ஓடி வந்தான்.

"போதும்மா. வீட்டைக் கொடுத்துட்டு எங்களோட வந்துடுங்க."

"நான் எதுக்குடா வரணும்? திருடன் மேல் வீட்டுக்குத்தானே வந்தான்?"

"அடுத்தது உங்க வீடா இருந்தா?"

"என் வீட்டுல என்னத்த எடுப்பான்? ஆட்டுக்கல்லைத் தூக்கிட்டுப் போவானா?"

அவன் சிரிக்கவில்லை. எனக்கு ஏன் கிளமெண்டி வேண்டாம் என்று அவனுக்குப் புரியவில்லை. மருமகள் நல்ல பெண்தான். ஆனால் அது அவளுடைய சமையலறை. அங்கே உப்பு எங்கே இருக்கிறது என்று நான் கேட்க வேண்டும். என் வீட்டில் உப்பு எங்கே என்று மற்றவர்கள் என்னைக் கேட்க வேண்டும். அது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் ஒரு மாதம் அடுத்தவர் அடுப்பில் சமைத்துப் பார்க்கட்டும்.

கடைசியில் அவன் ஒரு நிபந்தனை போட்டான். "ஒண்ணு நீங்க வரணும். இல்லேன்னா நான் அலாரம் மாட்டுவேன். அதுவும் சரிப்படலேன்னா வீட்டைக் கொடுத்துடணும். தம்பி தங்கச்சிங்ககிட்ட பேசிட்டேன், எல்லாரும் சரின்னுட்டாங்க."

என்னிடம் கேட்பதற்கு முன்னால் எல்லோரிடமும் பேசிவிட்டு வந்திருக்கிறான். சுருக்கென்று இருந்தது. இருந்தாலும், பெட்டியா வீடா என்றால் பெட்டி இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை நாள் முழுக்க வேலை செய்தான். வாசல் கதவில் ஒரு காந்தத் துண்டு, நிலையில் ஒரு துண்டு, ஜன்னல்களிலும் அதே மாதிரி. எல்லாவற்றிலிருந்தும் மெல்லிய கம்பி ஓடி, கூடத்துச் சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டிக்குள் போனது. அந்தப் பெட்டியிலிருந்து இன்னொரு கம்பி என் தொலைபேசிக்குப் போனது.

"இது என்னடா செய்யும்?"

"கதவு திறந்தா மூடினா பெட்டிக்குத் தெரியும்மா. பெட்டி உங்க போன் லைன் வழியா எங்க கம்பெனி கம்ப்யூட்டருக்குச் சொல்லிடும். அங்க ஆளு ராப்பகலா உக்காந்து பார்த்துக்கிட்டே இருப்பாங்க."

"என் வீடுதான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர்."

"பேரு?"

"பேரெல்லாம் எதுக்கும்மா? கம்ப்யூட்டருக்கு நம்பர் போதும்."

புதுச் சாமான் ஆயிற்றே என்று நான் பெட்டியின் மேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். பொத்தானில் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று துடைத்துவிட்டான்.

பிறகு எப்படி இயக்குவது என்று சொல்லிக் கொடுத்தான். பகலில் ஒரு சின்னச் சாவி. வெளியே போகும்போது திருப்பினால் பெட்டி விழித்துக்கொள்ளும். திரும்பி வந்து திருப்பினால் தூங்கிவிடும். பொழுது சாய்ந்தால் அது தானாகவே விழித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு சாவி செல்லாது. நான் வேலைக்குக் கிளம்புகிற நேரத்துக்குத் தானாகத் தூங்கும். நடுவில் கதவைத் திறக்க வேண்டுமென்றால் பெட்டியில் ஒரு ரகசிய நம்பரை அமுக்க வேண்டும்.

"அந்த நம்பர் என்ன?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு வேணாம்மா, குழப்பிக்குவீங்க. நான் வெச்சிருக்கேன். அவசரம்னா எனக்கு போன் பண்ணுங்க."

எனக்கு எழுத்துக்கூட்டி மெதுவாக வாசிக்க வரும். எழுதுவது கையெழுத்தோடு சரி. ஆனால் எண் எனக்குத் தெரியாதா? பஸ் நம்பர் பார்த்து ஏறி இறங்குகிறவள் நான். மீன்காரன் தராசில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து வாங்குகிறவள். நாள் முழுக்க வியர்வை சொட்ட வேலை செய்திருக்கிறானே என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கே கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் வந்தது.

எங்கள் வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில் பின்கதவைச் சாத்தி வாசல் கதவைத் திறந்து வைப்பது வழக்கம். லட்சுமி வாசல் வழியாக வருவாள், பின்கதவு திறந்திருந்தால் அப்படியே போய்விடுவாள் என்பார்கள். அடுக்குமாடியில் பின்கதவுக்கு எங்கே போவது? அதனால் நான் சமையலறை ஜன்னலைச் சாத்துவேன். சாத்திவிட்டு வாசல் கதவையும் அதற்கு வெளியே இருக்கிற இரும்புக் கதவையும் அகலமாகத் திறந்து, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, புகை அடங்குகிற வரை அப்படியே வைத்திருப்பேன். அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அப்படித்தான். என் வீட்டுக்காரர் தவறி, காரியம் முடிந்த மறுநாள், அழுதுகொண்டே அந்தக் கதவைத் திறந்து வைத்தவள் நான்.

மூத்தவன் அந்தத் திறந்த கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன். அவன் போய், சரியாக அந்த நேரத்துக்குக் கதவைக் காவல் காக்கச் சொல்லிப் பெட்டிக்குச் சொல்லியிருக்கிறான்! இருட்டுகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்று கம்பெனியில் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். அவன் மனதில் அந்த நேரத்துக்கு வேறு பெயரே இல்லாமல் போய்விட்டது.

நான் கதவைத் திறந்தேன். ஐயோ, அந்தச் சத்தம்! அப்படி ஒரு சைரன். கையிலிருந்த தீப்பெட்டி கீழே விழுந்தது. எதிர்வீட்டு மலாய்க்காரம்மா தொழுகைக்கு வெள்ளை உடை போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே வெளியே ஓடி வந்தாள்.

"கக்கா, திருடனா?" என்று மலாயில் கத்தினாள். அக்காவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"திருடன் இல்லே, என் மகன்!" என்று நானும் கத்தினேன்.

தாழ்வாரம் முழுக்க ஆள். காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். நான் என்ன செய்ய முடியும்? தீப்பெட்டியை எடுத்து விளக்கை ஏற்றினேன். அந்தச் சத்தத்திலேயே சாம்பிராணியும் போட்டேன். தொலைபேசி அடித்தது. ஒரு பெண் இங்கிலீஷில் என்னவோ கேட்டாள். மலாயில் பேசு என்றேன்.

"ஆண்டி, உங்க ரகசிய நம்பர் சொல்லுங்க."

"நீ யாரும்மா?"

"அலாரம் கம்பெனி. நம்பர் சொன்னாத்தான் நீங்க வீட்டுக்காரங்கன்னு எனக்குத் தெரியும்."

"என் வீட்டுக்கு நீ போன் பண்ணிட்டு, நான் யாருன்னு நிரூபிக்கச் சொல்றியா?"

"நம்பர் சொல்லலேன்னா நான் காவலாளியை அனுப்பணும் ஆண்டி."

"அனுப்பு. டீ போட்டு வைக்கிறேன்."

சைரன் சிறிது நேரத்தில் தானாக அடங்கியது. பிறகு மோட்டார் சைக்கிளில் ஒரு சீனர் தலைக்கவசத்தோடு வந்தார். சாம்பிராணிப் புகையைப் பார்த்து, நெருப்பா என்று கேட்டார். சாமி என்றேன். தலையாட்டிவிட்டு, இருமிக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் படி இறங்குவதற்குள் மூத்தவன் போனில் வந்துவிட்டான்.

"ஏம்மா கதவைத் திறந்தீங்க?"

"நீ ஏன்டா பூட்டினே?"

"கதவைச் சாத்திட்டு விளக்கு ஏத்துங்க. சாமிக்குக் கதவு ஒரு தடையா?"

"சாமிக்குத் தடை இல்லேடா. எனக்குத்தான் தடை."

நேரத்தைத் தள்ளி வை என்று சொன்னேன். அந்த நேரத்தில் கதவு திறந்து கிடந்தால் அலாரம் எதற்கு என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அப்படியானால் நம்பரையாவது கொடு, நானே அணைத்துவிட்டுத் திறந்துகொள்கிறேன் என்றேன். கொடுத்தால் அணைத்துவிட்டு மறந்துபோய்த் தூங்கிவிடுவீர்கள் என்றான். ஐந்து பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்க ராத்திரியில் அலாரம் இல்லாமல் எழுந்தவளிடம் சொல்கிறான்.

மறுநாளும் திறந்தேன். அதற்கு மறுநாளும் திறந்தேன். தாழ்வாரத்துப் பிள்ளைகள் பொழுது சாய்ந்ததும் முன்கூட்டியே காதைப் பொத்திக்கொண்டு என் வாசலைப் பார்த்து நிற்க ஆரம்பித்தார்கள். காவலாளிச் சீனர் மூன்றாம் நாள் டீயில் சர்க்கரை குறைவு என்றார். மலாய்க்காரம்மா மட்டும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சத்தம் அடங்கிய பிறகுதான் தொழுகையை ஆரம்பிப்பாள். அதற்காக அவளிடம் எனக்குக் கூச்சமாக இருந்தது. அதற்காகக்கூட நான் கதவைச் சாத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் எல்லோரையும் மூத்தவன் என் வீட்டில் கூட்டிவிட்டான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவின கையோடு பேச்சை எடுத்தான். வெறும் அலாரத்துக்குத் தினமும் ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது, கம்பெனியில் எல்லோர் முன்னாலும் பேச்சு வாங்குகிறேன் என்றான். சரிப்படவில்லை என்றால் வீட்டைக் கொடுத்துவிடுவதாகத்தானே பேச்சு என்றான்.

மருமகள் சூழ்நிலையை இளக்கப் பார்த்தாள். "லட்சுமி எங்க வீட்டுக்கும் வருவாங்க அத்தை. கிளமெண்டிக்குத்தான் பஸ் இருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"பஸ் ஏறி வந்துடுவாம்மா. கதவைத் திறந்து வெச்சிருக்கியான்னுதான் தெரியல" என்றேன்.

சிரிப்பு நின்றது. மூத்தவன் எழுந்தான். "அடுத்த ஞாயிறு வந்து பெட்டியைக் கழட்டறேன். எந்தெந்தச் சாமான் கிளமெண்டிக்கு வேணும்னு பார்த்து வைங்கம்மா." மற்ற நான்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றாவது வாயைத் திறந்து, அம்மா இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லவில்லை. என் வீட்டில், என் கையால் சாப்பிட்டுவிட்டு, என் வீட்டை முடித்துவிட்டுப் போனார்கள்.

அழுதிருப்பேன் என்று நினைப்பீர்கள். அழவில்லை. பாத்திரம் துலக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. பெட்டியோடு சண்டை போட்டு என்ன பயன்? அது சொன்னதைக் கேட்கிற சாமான். மகனோடு சண்டை போட்டும் பயனில்லை. அந்தக் கம்பியின் மறுமுனையில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் அல்லவா, அவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும்.

மகன் வாசலில் ஒட்டிவிட்டு மீந்துபோன கம்பெனி ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. வேலை செய்யும் கடையில் கல்லாவில் இருக்கிற பையனிடம் காட்டி, அதில் இருந்த விலாசம் காலாங் பக்கம் என்று தெரிந்துகொண்டேன். லீவு நாளில் தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கல்யாணத்துக்குப் போவதற்குக் கட்டுகிற சேலை. மலாய்க்காரம்மா பார்த்துவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள். கம்ப்யூட்டருக்கு என்றேன்.

அங்கே வாசலில் இருந்த பெண் என்னை உள்ளே விடவில்லை. யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். கம்ப்யூட்டரை என்றேன். என் மகன் பெயரைச் சொன்னதும், அவர் வேனில் போயிருக்கிறார், கூப்பிடட்டுமா என்றாள்.

"மகனைக் கூப்பிட வேணாம். வீடு யாருதோ அவங்களே வந்திருக்காங்கன்னு உள்ள சொல்லு" என்றேன். சொல்லிவிட்டு நாற்காலியில் அழுத்தி உட்கார்ந்துகொண்டேன். எனக்கு எந்த அவசரமும் இல்லை. அன்றைக்கு லீவு.

வெகுநேரம் கழித்து ஒரு சூப்பர்வைசர் வந்தார். நடுத்தர வயதுச் சீனர். நன்றாக மலாய் பேசினார். வீட்டு நம்பரைச் சொன்னேன். பேர் எதற்கு, நம்பர் போதும் என்று மகன் சொல்லியிருந்தானே, பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த அந்த நம்பரை. அவருக்குப் பின்னால் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஆண்டி, டீ போட்டு வைக்கிறேன்னு சொன்னது நீங்கதானே?"

குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். சின்னப் பெண், கண்ணாடி போட்டிருந்தாள். அவள்தான் சூப்பர்வைசரிடம் என்னவோ சொல்லி என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போகச் செய்தாள்.

பெரிய ராட்சச இயந்திரம் இருக்கும் என்று நினைத்துப் போனேன். அறை குளிராக இருந்தது. டிவி மாதிரி நாலைந்து பெட்டிகள், கறுப்பில் பச்சை எழுத்து. அவ்வளவுதான். என் வீடு எங்கே என்று கேட்டேன். அந்தப் பெண் தட்டினாள். ஒரு வரி வந்தது. அதுதான் நான் குடும்பம் நடத்திய வீடாம்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

எந்த நேரத்துக்கு அலாரம் விழிக்க வேண்டும், யாரிடம் நம்பர் இருக்கிறது, எது நடந்தாலும் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கிறது என்றார் சூப்பர்வைசர். எல்லாவற்றுக்கும் என் மகன் பெயர்தான் போட்டிருந்தது.

"நான் எங்க இருக்கேன்?"

அவர் திரையை மேலும் கீழும் பார்த்தார். நான் எங்கேயும் இல்லை.

அப்போது எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? குரலை உயர்த்தவில்லை. "ஐயா, வீடு என் பேருல இருக்கு. இந்தப் பெட்டி உங்களோட பேசற போன் லைனும் என் பேருலதான் இருக்கு. என் வீட்டைப் பத்தி, என் போன்ல, என்னைக் கேட்காம எல்லாரும் பேசிக்கிறீங்க. இது எந்த ஊர் நியாயம்?" என்றேன்.

அவர், எதற்காக அந்த நேரத்தில் கதவைத் திறக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, சீனப் புத்தாண்டுக்கு முதல்நாள் ராத்திரி எங்கம்மாவும் வாசல் கதவைச் சாத்த விட மாட்டார் என்றார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் போட்டு, உட்காருங்கள் என்றார்.

நான் உட்கார்ந்த நேரத்தில்தான் கதவு திறந்தது. மூத்தவன். கையில் கருவிப் பை. வாசல் பெண் சொல்லியிருப்பாள்.

"அம்மா! இங்க என்ன பண்றீங்க? எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம் லா!"

"உன்னைப் பார்க்க வரலடா. என் வீட்டு வேலையா வந்திருக்கேன்."

அவன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "மேலதிகாரி முன்னாடி மானம் போகுதும்மா."

"ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் எனக்குப் போச்சே, அது?"

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. தமிழ் தெரியாத சூப்பர்வைசர் பூப்பந்து ஆட்டம் பார்க்கிறவர் மாதிரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மகன் கருவிப் பையைக் கீழே வைத்தான். பேசியபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"நீங்க தனியா இருக்கும்போது ஏதாவது ஆச்சுன்னா நான் என்னம்மா பண்ணுவேன்?"

உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்கு உள்ளே ஆடிப்போய்விட்டது. அவன் பயம் பொய்யில்லை. அப்பா போன பிறகு அவன் சரியாகத் தூங்குவதில்லை என்று மருமகள் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் அன்றைக்கு நான் இளகியிருந்தால், அடுத்த ஞாயிறு என் சாமான் வேனில் ஏறியிருக்கும்.

"உன் பயம் எனக்குத் தெரியும்டா. அதுக்காகத்தான் பெட்டி மாட்டச் சம்மதிச்சேன். ஆனா என் வீட்டு ரகசிய நம்பரை என்கிட்டயே மறைச்சு வெச்சே பாரு, அதுக்குப் பேரு காவல் இல்ல" என்றேன். "பெட்டி இருக்கட்டும். நம்பர் எனக்கு வேணும். நானும் அந்த வீட்டுலதான் இருப்பேன்."

சூப்பர்வைசர் மெதுவாக, என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டார். மகனைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்.

அலாரம் தானாக விழிக்க வேண்டாம், விளக்கு வைத்துக் கதவைச் சாத்திய பிறகு நானே போடுகிறேன் என்றேன். மறந்துவிட்டால் என்று கேட்டார். படுக்கிற நேரம் வரைக்கும் போடாமல் இருந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள், திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தட்டினாள்.

"ஏதாவது ஒண்ணுன்னா முதல்ல யாரைக் கூப்பிடணும் ஆண்டி?"

"என்னை."

"நீங்க எடுக்கலேன்னா?"

"எதிர்வீட்டு மலாய்க்காரம்மாவை. கிளமெண்டிலேர்ந்து ஆள் வர்றதுக்குள்ள அவ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு எனக்குச் செருப்பும் மாட்டி விட்டுடுவா."

"அதுக்கப்புறம்?"

நான் மகனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"அதுக்கப்புறம் இவன்."

மூன்றாவதாக அவன் பெயரை அடித்தாள். கீழே நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அந்த ஆபீஸில் தமிழ்க் கையெழுத்து அதுதான் முதலோ என்னவோ, சூப்பர்வைசர் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் பெட்டியை மாற்றி அமைக்க ஆள் அனுப்பினார்கள். வேறு யார்? மூத்தவன்தான் வந்தான். கம்பெனிச் சட்டை, கருவிப் பை. வா என்றேன், வந்தான். சாப்பிட்டாயா என்றேன், சாப்பிட்டேன் என்றான். பெட்டியைத் திறந்து என்னவோ முடுக்கினான், தட்டினான், கம்பெனிக்குப் போன் போட்டு இங்கிலீஷில் பேசினான். கடைசியில் பெட்டியை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"புது நம்பர் போடணும். நீங்க போடுங்கம்மா."

நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். கஸ்டமர் நம்பர் போடும்போது கம்பெனி ஆள் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் சட்டமாம். அது எனக்கு அப்போது தெரியாது. அவன் என்னைத் தாண்டிப் போய், எதிர்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

நான் பொத்தானைத் தொடாமல் கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்தேன். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. பிடரியில் ஒன்றிரண்டு முடி அப்போதே நரைக்கத் தொடங்கியிருந்தது. நான் குளிப்பாட்டிய முதுகு. மேஜை மேல் ஏறி என் டப்பாக்களையெல்லாம் என்னைக் கேட்காமல் திறந்து பார்த்து வளர்ந்த பிள்ளை. அவன், அம்மாவுக்கென்று தான் பார்க்கக் கூடாத ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கின பையன் மாதிரி சுவரைப் பார்த்து நிற்கிறான். நான் நிதானமாக ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினேன். அந்த நம்பர் என்ன என்று இதிலும் சொல்ல மாட்டேன்.

"முடிஞ்சுதா மா?" என்றான் சுவரைப் பார்த்தபடியே.

முடிந்துதான் இருந்தது.

"இன்னும் இல்ல. அப்படியே நில்லு" என்றேன்.

அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று தெரிந்தது. திரும்பவில்லை. நான் சொல்லுகிற வரை நின்றான்.

அந்த வீட்டில் அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தேன். பெட்டியும் இருந்தது. திருடன் வரவில்லை. பெட்டிக்குப் பயந்தா, எதிர்வீட்டுக்காரிக்குப் பயந்தா என்று தெரியாது. முழங்கால் விட்டுப்போன பிறகு மூத்தவன் வீட்டுக்கு வந்தேன். அது நானே நாள் பார்த்து, நானே சாமான் கட்டி வந்தது. யாரும் என்னைக் கொண்டுவந்து வைக்கவில்லை. வயதானவர்களின் பாதுகாப்புக்கு என்று இன்றைக்கு எத்தனையோ சாமான் வந்திருக்கிறது, கையில் கட்டுவது, கழுத்தில் மாட்டுவது, சுவரிலிருந்து கண் சிமிட்டிப் பார்ப்பது. எதுவும் வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. இதை அணைக்கிற வழி யார் கையில் இருக்கும் என்று மட்டும் கேட்பேன். என் கையில் என்றால் மாட்டிக்கொள்வேன். இல்லையென்றால் எவ்வளவு பாசத்தோடு வந்தாலும் அது எனக்கு வேண்டாம்.

அவ்வளவுதான் கண்ணு, எழுதிட்டியா? இப்போ முதல்லேர்ந்து மெதுவா வாசிச்சுக் காட்டு. உங்கப்பா வர்ற இடத்துல அவனுக்காக ஒரு வரியைக் குறைச்சிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சுடும், பார்த்துக்கோ.